மூடிக் கிடக்கும் ஆலையை உள்ளக விளையாட்டரங்காக்குவது எப்படி? யாழ்ப்பாணக் கழகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு வெளி. இல்லாதது கூரைதான். சித்திரை, வைகாசி வெயிலில் காலை பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளை வெளியில் இறக்க முடியாது. ஐப்பசி பிறந்தால் மார்கழி வரை மழை. இடைப்பட்ட மாதங்களில் சோளகக் காற்று தூக்கி அடிக்கும். பட்மின்டன் சிறகுப்பந்து அடுத்த வளவுக்குள் போய் விழும். புன்னாலைக்கட்டுவன் மண்ணிலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம், 2018இல் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வெல்லத் தோள்கொடுத்தவர். அந்த மாதிரிப் போட்டிகள் எல்லாமே கூரைக்குக் கீழே, மரத் தரையில் நடப்பவை. எங்கள் பிள்ளைகளோ இன்னும் மண்ணிலும் சீமெந்திலும் பழகிவிட்டு அங்கே போகிறார்கள்.

மறுபக்கம், கூரைகள் சும்மா கிடக்கின்றன. ஓடாத நெல் ஆலை, கைவிட்ட ஐஸ் ஆலை, பூட்டிய நெசவு நிலையம், கூட்டுறவுச் சங்கக் களஞ்சியம், செக்கு நின்றுபோன எண்ணெய் ஆலை என்று ஊர் ஊராகச் சொல்லலாம். இந்தப் பேச்சு வந்தாலே பலரும் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையைத்தான் கைகாட்டுவார்கள். 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றுபோன அந்த இடம் அரசாங்கம் எடுத்துச் செய்யவேண்டிய வேலை. ஒரு கழகமோ சனசமூக நிலையமோ பழைய மாணவர் சங்கமோ கைவைக்கக்கூடிய நடுத்தரக் கட்டடங்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளையாட்டு என்பதை நீங்கள் முடிவுசெய்யக் கூடாது, கட்டடம் முடிவுசெய்யவேண்டும். பிரேசிலின் சாவோ பாலோ நகரில் ஒரு பழைய பீப்பாய் ஆலையைக் கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி 1977 முதல் ஊர்ப் பொது மையமாக மாற்றினார். நூலகம், அரங்கம், பட்டறைகள் எல்லாம் பழைய கொட்டகைகளுக்குள் போயின. பந்தாட்ட அரங்குகள் அவற்றுக்குள் அடங்காது என்பதால் பக்கத்தில் புதிய கோபுரங்களை எழுப்பினார். ஜெர்மனியின் டூயிஸ்பேர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையில் வாயு சேமித்த பெரிய உருளைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சுழியோடப் பழக்குகிறார்கள்; தாதுக் கல் கொட்டிவைத்த கொங்கிறீற் சுவர்களில் மலையேற்றம் பழக்குகிறார்கள். எது பொருந்துமோ அதையே வைத்தார்கள்.

படி 1: அளந்து பாருங்கள்

அளக்கவேண்டியது மூன்று: உள் நீளமும் அகலமும், தூண்களுக்கு இடையிலான தூரம், தலைக்கு மேலுள்ள உயரம். உயரத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். கூரையின் முகட்டைப் பார்த்து "முப்பது அடி வரும்" என்பார்கள். பந்துக்கு முகடு கணக்கில்லை. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தின் அடிக் கம்பி எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் உயரம். லேசர் அளவுகோல் இல்லாவிட்டால், மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி நுனியில் அளவுநாடாவைக் கட்டி அந்தக் கம்பியில் கொளுவி நிலம் வரை அளந்துவிடலாம். ஓரிடத்தில் அளந்து நிறுத்த வேண்டாம், பழைய கட்டடங்கள் இறங்கியிருக்கும். நாலு மூலையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள்.

இனி விளையாட்டுக்குப் போகலாம். கரப்பந்தாட்டக் களம் 18 × 9 மீற்றர். சுற்றிவர குறைந்தது 3 மீற்றர் விடவேண்டும் என்பதால் 24 × 15 மீற்றர் வெற்றிடம் தேவை, உயரம் 7 மீற்றருக்குக் குறையக் கூடாது. பட்மின்டன் இரட்டையர் களம் 13.40 × 6.10 மீற்றர், போட்டி நடத்துவதென்றால் உயரம் 9 மீற்றர் வேண்டும். 7 மீற்றரில் பயிற்சி செய்யலாம், ஆனால் உயர்த்தி அடிக்கும் பந்து சிலவேளை கம்பியில் படும். வலைப்பந்தாட்டம் 30.50 × 15.25 மீற்றர். சுற்று இடத்தோடு சேர்த்தால் தூணே இல்லாமல் 20 மீற்றருக்கு மேல் அகலம் வேண்டும், எங்கள் நெல் ஆலைகளில் அது கிடைப்பது அரிது. கூடைப்பந்தாட்டமும் அப்படித்தான்.

ஆனால் 9 மீற்றர் அகலமும் 4.5 மீற்றர் உயரமும் உள்ள ஒரு சாதாரணக் களஞ்சியத்தை அற்பமாக நினைக்காதீர்கள். பளுதூக்கும் மேடை 4 × 4 மீற்றர்தான். கராத்தே களம் 8 × 8. பெண்கள் கபடிக் களம் 12 × 8. மேசைப்பந்து மேசை 2.74 × 1.525 மீற்றர், பயிற்சிக்கு இந்த உயரம் தாராளம். கரம், சதுரங்கம் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீளம் 30 மீற்றரைத் தாண்டினால் கிரிக்கெட் வலைப் பயிற்சிக்கு இடம் வரும், ஆடுகளம் 20.12 மீற்றர், மிச்சம் பந்துவீச்சாளர் ஓடிவர. நடுவில் தூண் வரிசை இருக்கும் கட்டடத்தில் தூண்களுக்கு இடையே மேசைகளையும் மேடைகளையும் வையுங்கள். தூணை வெட்டி எடுத்து பெரிய களம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் செலவில் புதுக் கொட்டகையே போடலாம்.

படி 2: காணி உறுதியும் குத்தகையும்

இது அலுப்பான வேலை. ஆனாலும் இதை முடிக்காமல் ஒரு கூரை ஓட்டைக்கூட மாற்றக் கூடாது. காணிப் பதிவகத்தில் தேடுதல் போட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் பெயரில் இருக்காது. ஒரு பங்கு கனடாவில், ஒரு பங்கு பாரிஸில், ஒரு பங்கு கொழும்பில் இருக்கும். வெளிநாட்டில் உள்ளவருக்காக அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) பிடித்து வருபவரிடம் அது இலங்கையில் பதியப்பட்டதா என்று கேளுங்கள். பங்கு காணியை விலைக்கு வாங்குவதென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் எழுதிய உறுதி பிறகு நீதிமன்றம் ஏறும்.

குத்தகை ஒரு மாதத்துக்கு மேலென்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதியாகவேண்டும். வாய்ப் பேச்சும் வெள்ளைத்தாளும் சட்டத்தில் நிற்காது. காலம் பத்து ஆண்டுக்குக் குறைந்தால் நான் வேண்டாம் என்பேன். கூரைக்குப் போட்ட காசு திரும்புமுன் உரிமையாளர் மனம் மாறிவிடுவார். கூரை, தரை, மின்சாரம் என நீங்கள் செய்த வேலை குத்தகை முடிவில் யாருக்கு என்பதையும் எழுத்தில் போடுங்கள். கூட்டுறவுச் சங்கக் கட்டடமென்றால் சங்கத்தின் பொதுச்சபைத் தீர்மானமும் கூட்டுறவு ஆணையாளரின் அனுமதியும் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பிரதேச சபை அல்லது மாநகர சபை. ஆலையை விளையாட்டரங்காக்குவது பயன்பாட்டு மாற்றம். வரைபடம் கீறுமுன் ஒருமுறை போய்ப் பேசுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வாங்கினால்தான் பாடசாலைகள் தங்கள் பிள்ளைகளை அனுப்பத் துணியும். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரையும் அன்றே சந்தியுங்கள். கழகம் பதிவில் இல்லையென்றால் அரச உதவி எதற்கும் விண்ணப்பிக்க முடியாது.

படி 3: கட்டடத்துக்குள் என்ன மிச்சம் இருக்கிறது?

முதலில் வெடிபொருள். வலிகாமம் வடக்கு, தென்மராட்சியின் கிழக்குப் புறம், வடமராட்சி கிழக்கு போன்ற இடங்களில் நீண்டகாலம் பூட்டிக் கிடந்த வளவென்றால், மிதிவெடி அகற்றிய சான்று அந்தக் காணிக்கு இருக்கிறதா என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பற்றையை வெட்டப் பொடியளைச் சிரமதானத்துக்கு அழைக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். கிணற்றைத் துப்புரவு செய்யும்போதும் கவனம். போர்க்காலத்தில் எதையெதையோ கிணற்றுக்குள் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். சந்தேகமான இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் விலகி 119க்கு அழையுங்கள்.

அடுத்தது அஸ்பெஸ்ரஸ். எங்கள் பழைய ஆலைக் கூரைகள் பலவும் அதுவாகத்தான் இருக்கும். இலங்கை 2018இல் இருந்து அதைத் தடைசெய்வதாக இருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்ரஸை எங்களுக்கு விற்கும் ரஷ்யா எங்கள் தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் தடை பின்போடப்பட்டது. உடையாமல் கிடக்கும் சீட்டால் உடனே ஆபத்தில்லை. உடைக்கும்போதும், துளைபோடும்போதும், கிறைண்டரால் அறுக்கும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சும்போதும் பறக்கும் நார்த்தூசிதான் நுரையீரலுக்குள் போய்ப் பல பத்தாண்டுக்குப் பிறகு புற்றுநோயாக வரும். கழற்றுவதென்றால் முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். போல்ட்டை அறுத்து, சீட்டை முழுசாக இறக்குங்கள், மேலிருந்து போட வேண்டாம். துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது போதாது, தூசு வடிகட்டும் தரமான முகக்கவசம் வேண்டும். பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி, எங்கே கொடுப்பது என்று சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். உடைந்த துண்டுகளை ஒழுங்கையில் நிரவிப் பாதை போடுவது எங்கள் ஊர்களில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்த ஒழுங்கையால்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். இன்னொன்று: பழைய சீட்டுக்கு மேல் யாரும் நேராக ஏறி நடக்கக் கூடாது. பார்க்க உறுதியாக இருக்கும், மிதித்ததும் உடைந்து ஆளை உள்ளே தள்ளும். பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டியே ஏறவேண்டும்.

மூன்றாவது, ஆலையின் பழைய தொழில் விட்டுப்போனது. ஐஸ் ஆலையில் குளிரூட்டிக் குழாய்களில் அமோனியா மிச்சம் இருக்கலாம். தெரிந்த தொழில்நுட்பவியலாளர் பார்க்குமுன் ஒரு குழாயையும் அறுக்காதீர்கள். அங்கே உப்புக்கரைசல் தொட்டி இருந்த இடத்தைச் சுற்றிய தரையும் தூணும் உப்பு ஊறி உள்ளே இரும்பைத் தின்றிருக்கும். எண்ணெய் ஆலையின் தரை எண்ணெய் குடித்திருக்கும். மூலையில் பழைய மின்மாற்றி நின்றால் அதன் எண்ணெயை இறக்காமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள். நிலத்தில் ஊற்றியது நேராகக் கிணற்றுக்குப் போகும் ஊர் இது. சுண்ணாம்புப் பாறைக்கு மேல் கொஞ்சம் செம்மண், அவ்வளவுதான். சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் வந்து மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

படி 4: கட்டடத்தின் எலும்பு உறுதியா?

பொறியியலாளர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அவர் வருமுன் நீங்களே ஒரு சுற்றுப் பார்க்கலாம். ஒரு சிறு சுத்தியலால் கொங்கிறீற் தூணை அடியிலிருந்து தோள் உயரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் சத்தம் இறுக்கமாக, "டங்" என்று வரும். உள்ளே கம்பி துருப்பிடித்த இடத்தில் "பொத்" என்று வெற்றுச் சத்தம் கேட்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அதனால் கொங்கிறீற்றை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கும். கம்பியின் போக்கிலேயே நேர்கோட்டு வெடிப்புத் தெரிந்தால் காரணம் அதுதான். இரும்புத் தூணென்றால் நிலத்தைத் தொடும் இடத்தில் குப்பையை விலக்கி ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள். கடற்கரையோர ஆலைகளில் மேலே பூச்சு பளபளக்க, அடியில் செதில் செதிலாக உதிரும்.

ஷெல் துண்டுகள் பட்ட அடையாளத்தையும் தேடுங்கள். சுவரில் துளை இருந்தால் அடைத்துவிடலாம். கூரைச் சட்டகத்தின் கோண இரும்பில் துளை, வளைவு இருந்தால் சாயம் பூசி மறைக்காமல் பொறியியலாளருக்குக் காட்டுங்கள். தூண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிருந்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுவதுதான் நல்லது. இன்னொரு கட்டடம் கிடைக்கும்.

படி 5: கூரை

கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் அதைக் கூரைக்கே போடுங்கள். நன்கொடை தருபவர்கள் வாசலையும் பெயர்ப்பலகையையும் விரும்புவார்கள். அவர்களை நண்பகலில் ஆலைக்குள் கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொல்லுங்கள். கதவுகளை மூடினால் ஒவ்வொரு ஓட்டையும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை வெண்கட்டியால் தரையில் குறித்துவைத்தால் தண்ணீர் எங்கே விழும் என்ற வரைபடமும் கையில் இருக்கும்.

அஸ்பெஸ்ரஸ் சீட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய தகடு போடும்போது ஒரு விடயம் மாறுகிறது. பழைய சீட்டின் எடை சதுர மீற்றருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல். புதுத் தகடு அதில் பாதிகூட வராது. சட்டகத்துக்குச் சுமை குறைவது நல்லதுதான், ஆனால் பழைய கூரை தன் பாரத்தாலேயே காற்றில் அமர்ந்திருந்தது. புதியதைக் காற்று தூக்கப் பார்க்கும். உள்ளே காற்று புகுந்தால் அடியிலிருந்தும் தள்ளும். 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட மூத்தவர்கள் தகரங்கள் பறந்த கதை சொல்வார்கள். ஆகவே தகட்டை, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சலாகையோடு மட்டும் பூட்டி நிறுத்தாதீர்கள். சலாகை சட்டகத்தோடும், சட்டகம் தூணோடும், தூண் அத்திவாரத்தோடும் பூட்டப்பட்டிருக்கிறதா என்று மேலிருந்து கீழே சங்கிலியாகச் சரிபாருங்கள். முகட்டிலும் கூரை விளிம்பான இறவாணத்திலும் மூலைகளிலும் காற்றின் இழுவை அதிகம், அங்கே போல்ட்டை நெருக்கிப் போடவேண்டும்.

வெக்கைக்கு தகட்டின் கீழ் மினுங்கும் வெப்பத் தடுப்புத் தாள் போடுங்கள். மேலே வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. முகட்டில் நீளவாட்டில் காற்றுப் போக்கி விட்டால் சூடு தானாக மேலே போய்விடும். மழைத்தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். 1,000 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு இலட்சம் லீற்றர் தண்ணீர் இறங்கும். கூரை விளிம்பில் தண்ணீர் ஓடும் பீலி சிறிதென்றால் அது பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போகும், முதல் மழையிலேயே ஊர்ச்சண்டை தொடங்கும். முதல் மழையில் கூரை கழுவி வரும் அழுக்குத் தண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தொட்டியிலோ கிணற்றுக்கு அருகிலுள்ள ஊறல் குழியிலோ விடுங்கள்.

படி 6: தரை

சீமெந்துத் தரையில் குதித்து விளையாடும் பிள்ளையின் முழங்கால் நாற்பது வயதில் கணக்குக் கேட்கும். ஆகவே கூரைக்கு அடுத்த காசு இங்கே. முதலில் ஈரம் பாருங்கள்: முழங்கை நீளச் சதுரப் பொலித்தீன் தாளைத் தரையில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்வை கோர்த்திருந்தால் நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. அதன் மேல் எதை ஒட்டினாலும் உரியும், மரம் போட்டால் உப்பும். மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்ப்பது நல்லது. பிறகு மட்டம். 3 மீற்றர் நேர்ச்சட்டத்தைப் படுக்கவைத்தால் அடியில் 6 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது.

எண்ணெய் குடித்த தரையைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சிச் சரிசெய்யலாம் என்று மேசன் சொல்வார். மேலே வரும் எண்ணெய்தான் போகும், உள்ளே இருப்பது வெயில் ஏற ஏறக் கசிந்து பூச்சைக் கிளப்பும். அந்த இடத்தை வெட்டி எடுத்து புதிதாக ஊற்றுங்கள், அல்லது தரையைத் தொடாமல் சட்டம் அடித்து மேலே ஒட்டுப்பலகை போட்டு, அதன்மேல் விளையாட்டுக்கான வினைல் விரிப்புப் போடுங்கள். பலகைத் தரையென்றால் கறையானுக்கு முன்கூட்டியே மருந்து அடிக்கவேண்டும். பளுதூக்கலுக்கு மட்டும் கதை வேறு: அங்கே மென்மை வேண்டாம், தடித்த கொங்கிறீற்றும் அதன் மேல் பலகையும் றப்பரும் போதும்.

படி 7: காற்றும் வெளிச்சமும்

வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடையோடு சாரல். இரண்டு திசைச் சுவர்களிலும் ஆள் உயரத்துக்கு மேல் சரிவுப் பட்டைகள் வைத்த திறப்புகள் இருந்தால் மழை வராது, காற்று வரும். பட்மின்டனுக்குத் தாழ்ந்த திறப்புகளை மூடிவிடவேண்டும். ஐந்து கிராம் எடையுள்ள சிறகுப்பந்து சின்னக் காற்றுக்கும் வழிமாறும்.

வெளிச்சம் பயிற்சிக்கு 300 லக்ஸ், உள்ளூர்ப் போட்டிக்கு 500 லக்ஸ் அளவில் வேண்டும். தொலைபேசிச் செயலியில் ஓரளவுக்கு அளக்கலாம். பட்மின்டனில் விளக்குகள் களத்துக்கு நேர் மேலே வரக் கூடாது, பக்கவாட்டில் வரட்டும். பின்கோட்டுக்கு அப்பாலுள்ள சுவரில் யன்னல் இருந்தால் அடைத்து, கடும் பச்சையோ நீலமோ பூசுங்கள். வெள்ளைப் பந்து அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். பழைய வயரிங்கில் ஒரு துண்டையும் வைத்திருக்காதீர்கள். பாறை மேலே கிடக்கும் இடங்களில் புவித்தொடுப்புக் (எர்த்) கம்பி ஆழம் போகாது. ட்ரிப் சுவிட்ச் போட்டாயிற்று என்று விடாமல், தகுதியான மின்னியலாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். வெளியே திறக்கும் வாசல் குறைந்தது இரண்டு. ஆட்கள் உள்ளே இருக்கும்போது இரண்டும் பூட்டாமல் இருக்கவேண்டும்.

படி 8: மலசலகூடம், உடைமாற்றும் அறை

கூரையும் தரையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பெண் பிள்ளைகள் வருவார்களா இல்லையா என்பதை இந்த இரண்டு அறைகளே தீர்மானிக்கும். வளவின் கோடியில், பற்றைக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். அரங்கின் உள்ளிருந்தே போகும்படி, உள்ளே பூட்டும் தாழ்ப்பாளோடு, தண்ணீரோடு, கழிவுத் தொட்டியோடு கட்டுங்கள். றோட்டிலிருந்து வாசல் வரை விளக்கு வேண்டும். மாலை நேரத்தில் பெண்களுக்கென்று ஒரு நேரத்தை அட்டவணையில் எழுதி ஒட்டுங்கள். எழுதாத நேரத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மலக்குழி, அடியும் பக்கமும் அடைத்த தொட்டியாக இருக்கவேண்டும். அடி திறந்த குழியென்றால் பாறை வெடிப்பு வழியே அயலவரின் கிணற்றுக்குப் போகும்.

படி 9: காசும் நடத்துவதும்

வேலையைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள்: சுத்தமும் பாதுகாப்பும், பிறகு கூரை, பிறகு தரையும் மின்சாரமும், கடைசியில் சாயம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி மதிப்பீடு, தனி வங்கிக் கணக்குப் பதிவு. புலம்பெயர்ந்த உறவுகள் உதவத் தயாராக இருக்கிறார்கள். படத்தோடு கணக்குக் காட்டினால் இரண்டாம் முறையும் தருவார்கள். திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே பராமரிப்புக்கென்று நிலையான வைப்பில் போடுங்கள், திறப்புவிழாவுக்குப் பிறகு அதற்கு யாரிடமும் கேட்க முடியாது. காலையில் பாடசாலைகள், மாலையில் கழகங்கள், இரவில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் என்று நேரத்தைப் பங்கிட்டால், பெரியவர்கள் தரும் கட்டணத்தில் மின்கட்டணம் கட்டலாம், பிள்ளைகள் இலவசமாக விளையாடலாம்.

ஆண்டுக்கொரு முறை புரட்டாதி முடியுமுன், மழைக்கு முதல், கூரைக்கு ஆள் ஏற்றி இவற்றைப் பாருங்கள்: பீலியில் இலையும் குருவிக் கூடும் அடைத்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, றப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, தகட்டின் வெட்டு விளிம்பில் துரு தொடங்கியிருக்கிறதா. தரையில் கிளம்பிய விளிம்பை அன்றே ஒட்டுங்கள். பார்த்ததையும் செய்ததையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த நிர்வாகம் வரும்போது சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.